பம்ப்ஹவுஸ் தெரு, பதினேழு

பம்ப்ஹவுஸ் தெரு பதினேழாம் எண் வீட்டை நகராட்சி இடித்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு முன்சுவர் விழுந்தது. சுவரில் திருகாணி போட்டு முடுக்கியிருந்த தபால் பெட்டி விழவில்லை. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், முந்தின நாள் எங்கே இருந்ததோ அங்கேயே, பின்னால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நின்றது. புழுதி அடங்கியதும் தபால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, ஒரு கவரையும் இரண்டு தபால் கார்டுகளையும் வழக்கம்போல அதன் வாயில் போட்டார். வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஓவர்சியரிடம், "விலாசம் சரியா இருக்கு சார். பின்னால வீடு இருக்கா இல்லையான்னு பாக்கறது என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் பத்தொன்பதாம் எண்ணுக்குப் போனார்.

வீட்டுக்காரர் எதிர்ச் சாரியில் மனைவியோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடமாக நேரக் காப்பாளர் வேலை. வாசல் கூண்டில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று பேரேட்டில் எழுதுகிற உத்தியோகம். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர். எதையும் நேரத்தோடு குறித்து வைத்தே பழகியவர் என்பதால், பெட்டி விழாமல் நின்றதையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டார். அவருக்குப் பெரிய ஆச்சரியமொன்றும் வரவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டி அவருடையதல்ல, அக்காவுடையது. அக்கா பிரசவம் பார்க்கிற நர்ஸ். இருபத்தாறு வயதில் ஒரு சபையில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களுக்கு ஆள் அனுப்புகிற சபை அது. எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டும். எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது. சொந்தமாக வீடு வைத்துக்கொள்ளக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கடவுள் எங்க அனுப்பினாலும் போவேன்டா. ஆனா எனக்கு ஒரு அட்ரஸ் வேணும். மாறாத அட்ரஸ். நான் பிரசவம் பாக்கற பொம்பளைங்ககிட்ட குடுக்கணும்."

"இந்த வீடு எங்க ஓடிப்போகப் போகுது? இதையே குடு."

தண்ணீர்ச் செம்பை எடுத்தபடி போகிற போக்கில் அவன் சொன்னது அவ்வளவுதான். அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பூட்டு வைத்த ஒரு தகரப் பெட்டியை வாங்கிவந்து, அவளே சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பணிமனையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவள் நாற்பத்தைந்து வருடத்தில் இருபத்து மூன்று ஊர் மாறினாள். ஓர் ஊரில் மூன்று வருடம் இருந்தாள். இன்னோர் ஊரில் பெட்டி படுக்கையை அவிழ்ப்பதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. போன இடத்திலெல்லாம் குழந்தை பெற்றவள் கையில் ஒரு சீட்டு கொடுப்பாள். 'குழந்தை பேச ஆரம்பித்ததும் முதல் வார்த்தை என்னவென்று எனக்கு எழுதவும்' என்று அதில் இருக்கும். கீழே பம்ப்ஹவுஸ் தெரு விலாசம். பெண்கள் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் யாரையாவது பிடித்து எழுதவைத்தார்கள். செவ்வாயும் சனியும் டைம்கீப்பர் பெட்டியைத் திறந்து, கடிதங்களை மேசையில் பரப்பி, பழைய விலாசத்தை ஒரு கோட்டால் அடித்து, அக்கா அப்போது இருக்கிற ஊரைப் பக்கத்தில் எழுதித் திரும்பவும் தபாலில் சேர்ப்பார். ஒட்டிய கவரை ஒரு நாளும் பிரித்ததில்லை. தபால் கார்டு என்றால் கண்ணில் படாமலா இருக்கும்? 'தண்ணி என்கிறது.' 'பூனையைப் பார்த்து வா வா என்றான்.' 'ஒன்றரை வயதாகிறது, இன்னும் வாயே திறக்கவில்லை, பயமாக இருக்கிறது அக்கா.' இதையெல்லாம் அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். ஒருமுறை மட்டும், "ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துதான் வாயத் திறக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து வாசிப்பதை நிறுத்தினார். இரண்டு வாரம் கழித்து, "ஏன், இப்பல்லாம் கார்டே வர்றதில்லையா?" என்று அவளே கேட்டாள்.

டைம்கீப்பருக்குப் பக்தி கிடையாது. சபைக்காரர்கள் வந்தால் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். ஜெபம் செய்யலாமா என்று கேட்டால் வண்டி வருகிற நேரம் என்று எழுந்துவிடுவார். அவருக்கும் வேறு வீடு பார்த்துப் போகிற ஆசை இருந்தது. மனைவிக்கு அது இன்னும் அதிகம். பதினேழாம் எண்ணில் மழைக்காலத்தில் சமையலறைச் சுவர் வியர்த்துக் கொட்டும். குளியலறைக் கதவு சாத்தாது. நல்ல வீடாக மூன்று முறை அமைந்தது. மூன்று முறையும் முன்பணம் கொடுக்கப் போகிற நேரத்தில் அவர் பெட்டியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள், பேச்சு அதோடு முடிந்தது. ஊர் ஊராகப் போகிறவள் அக்கா. போகாமல் இருக்கிற வேலை நம் தலையில் விழுந்துவிட்டது என்று அவர் கூண்டில் உட்கார்ந்து யோசித்ததுண்டு. அதற்கு ஓய்வுநாளும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்கா ஒன்பதாவது ஊரில் இருந்தாள். அப்படித்தான் அவர் நினைத்துத் தந்தி கொடுத்தார். நாலு நாள் முன்னால் அவளைப் பத்தாவது ஊருக்கு மாற்றியிருந்தார்கள். புது விலாசத்தைச் சொல்லி அவள் எழுதிய கடிதம், அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், அதே பெட்டியில் வந்து விழுந்தது. அக்கா வந்து சேர்ந்தபோது பதினோரு நாள் ஆகிவிட்டது. கட்டில்கூடக் கழற்றி வைத்தாகிவிட்டது. அவள் காலியான அறை வாசலில் நின்றாள்.

"உலகத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் உன் அட்ரஸ் தெரியுது. உன்னைப் பெத்தவளுக்குத் தெரியல" என்றார் டைம்கீப்பர்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் யாருக்கோ நாள் நெருங்கிவிட்டதென்று புறப்பட்டுப் போனாள். அன்று பெட்டிச் சாவியை ஆணியில் மாட்டியவர், பதினோரு மாதம் அதைத் தொடவில்லை. தபால்காரர் பாட்டுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். நெருக்கிப் பிடித்தால் முப்பது கடிதம் கொள்ளும் பெட்டி அது. நிரம்பி வழியும், வழிந்தால் அக்காவுக்குப் புகார் போகும், அவளே வந்து வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று அவர் காத்திருந்தார். அது வழியவில்லை. தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வாரமும் பாதி காலியாக இருக்கிற சத்தமே கேட்டது. வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம் என்றது இதைத்தான்.

கடைசியில் சாவியை எடுத்தது மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து, சேலைத் தலைப்பில் ஏந்தி ஏந்தி உள்ளே கொண்டுவந்து கொட்டினாள். எட்டு நடை நடந்தாள். இருநூற்று ஆறு கடிதம்.

"சண்டை உங்களுக்கும் அக்காவுக்கும். எழுதினவங்க என்ன பாவம் பண்ணினாங்க? பேனாவை எடுங்க."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாயங்காலம் வரை விலாசம் மாற்றி எழுதினார்கள். அதில் ஒரே ஆள் கையெழுத்தில் மூன்று வந்திருந்தன. அக்காவுடைய ஆறாவது ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், மனைவியை இழந்தவர், அவரைப் பற்றி அக்கா தன் கடிதங்களில் தேவைக்குச் சற்று அதிகமாகவே எழுதியிருந்தாள். முதலாவது கனமான கவர். இரண்டாவது மெலிந்த கவர். மூன்றாவது தபால் கார்டு. 'பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' கார்டின் தேதிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. டைம்கீப்பர் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. மூன்றிலும் விலாசத்தை மாற்றி எழுதி, மற்றவற்றுக்கு நடுவில் செருகினார். அக்காவிடமிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. அடுத்த கடிதத்தில் பத்தாவது ஊரின் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதாக எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் செவ்வாயும் சனியும் தவறவில்லை. பிறகுதான் சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்து பம்ப்ஹவுஸ் தெருவின் ஒரு சாரியில் முன்தள்ளியிருந்த வீடுகள் இடிபட்டன; உள்ளடங்கியிருந்த பதினைந்தும் பத்தொன்பதும் தப்பின. பெட்டியை இறக்க இரண்டு ஆட்கள் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். கிரேன் வந்தது, கொக்கி மாட்டி இழுத்ததில் கிரேனின் பின்சக்கரங்கள் மேலே கிளம்பின, டிரைவர் குதித்துவிட்டார். செயற்பொறியாளர் தன் கோப்பில் 'தடை: தபால் பெட்டி ஒன்று. தாங்கி: ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தார் போடுகிறவர்கள் பெட்டிக்குக் கீழேயும் தார் போட்டுவிட்டுப் போனார்கள். பகுத்தறிவுச் சங்கத்தார் மூன்று பேர் கண்ணாடியும் நூலும் கொண்டுவந்து ஒரு முழு நாள் சோதித்தார்கள். மோசடி எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, அதை வெளியில் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வழியாகப் போகிற பேருந்துகள் பெட்டிக்காக ஒதுங்கிப் போக வேண்டியிருந்ததால், தடத்தின் ஓட்ட நேரத்தில் அரை நிமிடம் கூட்டச் சொல்லி டைம்கீப்பரே மேலிடத்துக்கு எழுதினார். அனுமதி உடனே கிடைத்தது. பணிமனை வரலாற்றில் கேள்வி கேட்காமல் கிடைத்த ஒரே அனுமதி அது என்பார்கள்.

சபையின் மூப்பர் ஒருநாள் பெட்டியருகே அவரைப் பிடித்துக்கொண்டார். "நம்பறதுக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும் உங்களுக்கு?"

"பெட்டி நிக்குது. அது தெரியுது. ஏன் நிக்குதுன்னு அதுல ஒண்ணும் எழுதலையே, ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீடு போன செய்தியை அக்காவுக்கு நாலு பக்கம் எழுதினார். வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்பதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். அவளிடமிருந்து வந்தது ஒரு கார்டு. 'பெட்டி இருக்கிறது அல்லவா, பிறகென்ன. மூடி ஓரத்தில் துரு பிடித்திருந்ததே, பெயிண்ட் அடித்தாயா?' டைம்கீப்பருக்கு வந்த கோபத்தில் அன்று பணிமனையில் மூன்று வண்டியின் நேரம் தப்பாகப் பதிவானது. சனிக்கிழமை பச்சைப் பெயிண்டும் ஒரு தூரிகையும் வாங்கிக்கொண்டு போய்ச் சாலையில் நின்று அடித்தார். புது வீடு ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடி, குளியலறைக் கதவு சாத்துகிற வீடு. அங்கேயிருந்து பெட்டிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாறினார்.

அக்காவுக்கு அறுபத்தைந்து வயதானபோது முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக வந்து அவர்களோடு எட்டு மாதம் இருந்தாள். இத்தனை வருடத்தில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூட ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில்லை. முதல் சில நாள் விருந்தாளிகள்போல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். பிறகு அக்காவும் அவர் மனைவியும் காய் நறுக்குகிற இடத்தில் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள்; தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று டைம்கீப்பருக்குத் தெரிந்தது. இப்போதும் அவளுக்கு வருகிற கடிதம் பம்ப்ஹவுஸ் தெருவுக்கே போனது. அவர் இரண்டு பஸ் மாறிப் போய் எடுத்துவந்து அவள் மடியில் போட்டார். அவளும் சளைக்காமல் கட்டிலில் சாய்ந்தபடி பதில் எழுதினாள்.

ஒரு பிற்பகல், அவள் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, டைம்கீப்பர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இருபத்து மூன்று வருடம் அடக்கிவைத்திருந்தது அப்படியே வந்துவிட்டது.

"அக்கா, அந்த வாத்தியார் எழுதின லெட்டர். அது லேட்டானதுக்கு நான்தான் காரணம். பதினோரு மாசம் பெட்டியைத் திறக்கல. வேணும்னுதான் திறக்கல."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "தெரியும்டா."

"எப்படி?"

"தபால் முத்திரையில தேதி இருக்காதா? உங்க ஊர் முத்திரை ரெண்டு இருந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல பத்து மாசம்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பெட்டியைக் கழட்டிடுவியோன்னு பயம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"நீயா? காட்டுல தனியா கிடந்தவ. வெள்ளத்துல படகு ஏறிப் போனவ. உனக்கா பயம்?"

"அங்கல்லாம் கடவுள் பாத்துப்பாருன்னு இருந்தேன். இங்க நீதானடா பாத்துக்கணும்." அவள் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்தாள். "வாத்தியாருக்கு அதுக்குள்ள கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. ரெண்டு நாள் அழுதேன். மூணாம் நாள் ரெட்டைப் பிரசவம் ஒண்ணு வந்துச்சு, நிமிரக்கூட நேரம் இல்ல. அவர் பொண்டாட்டி இன்னிக்கும் எழுதறா. நல்லவ. எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று அவரும் கேட்கவில்லை. அவர் மேசையிலிருந்த கவர்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஓரம் கிழித்து அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தார். வெளிச்சம் குறையும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

முழங்கால் சரியானதும் சபை அவளை இருபத்து மூன்றாவது ஊருக்குக் கூப்பிட்டது, தாதிகளுக்குச் சொல்லிக்கொடுக்க. இந்த வயதில் வேண்டாம் என்று டைம்கீப்பர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவள் ஊன்றுகோலோடு பஸ் ஏறினாள். அங்கே ஆறு வருடம் இருந்தாள். அவள் எழுபத்தோராம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியில் சபைத் தலைமை அலுவலகத்தின் நீளக் கவர் ஒன்று இருந்தது. மேலே அக்காவின் பெயர்தான். அவர் பேனாவை எடுத்துவிட்டார். பழைய விலாசத்தைப் பாதி அடித்தும்விட்டார். அப்போதுதான் ஓரத்தில் 'இரங்கல்' என்று முத்திரை குத்தியிருந்தது கண்ணில் பட்டது. அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கும் அவளுடைய நெருங்கிய உறவினருக்கும் ஒரே விலாசம். குமாஸ்தா மேல் வரியைப் பார்த்து எழுதிவிட்டார். அவள் இறந்த செய்தி இப்படி அவள் பெயருக்கே வந்தது. அக்கா பெயருக்கு வந்த ஒட்டிய கவரை அவர் தாமாகப் பிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தூக்கத்தில் போய்விட்டாள், அந்த ஊரிலேயே அடக்கம் செய்தாயிற்று என்று இருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலை நடுவில் எவ்வளவு நேரம் நின்றாரென்று அவருக்கே தெரியவில்லை. அன்று ஐந்து பேருந்துகள் வரிசையாகத் தாமதமானதாகப் பணிமனைப் பேரேட்டில் இருக்கிறது. எந்த டிரைவரும் ஒலிப்பான் அடிக்கவில்லை.

கடிதங்கள் நிற்கவில்லை. டைம்கீப்பர் விலாசத்தை ஒரு கோட்டால் அடிப்பார். பக்கத்தில் எழுத ஊர் இருக்காது. அடித்த கவர்கள் மேசையில் குவிந்தன. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் படிச்சுச் சொல்றேன், நீங்க எழுதுங்க. அக்கா போயிட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

'நான் அவருடைய தம்பி' என்று ஆரம்பித்து எழுதினார். பதில்கள் வந்தன, இப்போது தம்பிக்கும் தம்பி மனைவிக்கும். அக்கா கையில் பிறந்தவர்களில் பலர் வளர்ந்து, பிழைப்பைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்களாக இருந்தார்கள். கட்டட வேலை, லாரி ஓட்டம், வாடகை வீடு. அவர்களில் ஒருத்தி, இரண்டு வருடத்தில் நாலு முறை வீடு மாறியதாகவும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எங்கெங்கோ போய்த் திரும்பிவிட்டதாகவும், பம்ப்ஹவுஸ் தெரு விலாசத்தைத் தன்னுடையதாகக் கொடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டு எழுதினாள். டைம்கீப்பர் மனைவியைப் பார்த்தார். "குடுங்க. நமக்கு வேற என்ன வேலை?" என்றாள். ஒருத்திக்குக் கொடுத்ததும் அவள் தம்பி கேட்டான், அவனோடு வேலை பார்த்தவன் கேட்டான். மனைவி ஒரு நோட்டுப் போட்டு யார் இப்போது எந்த ஊரில் என்று எழுதிவைத்தாள். ஊர் மாறும்போதெல்லாம் அடித்துத் திருத்தினாள். பெட்டி எல்லாவற்றையும் கொண்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த வருடம், வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை, கணக்கெடுக்க வந்த ஓவிய ஆசிரியை ஒருவர் பம்ப்ஹவுஸ் தெருவில் பதினைந்தாம் எண்ணுக்குப் பிறகு பதினேழைத் தேடிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்துகொண்டிருந்த கிழவரையும், குடை பிடித்து நின்ற அவர் மனைவியையும் பார்த்தார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு படிவத்தை அட்டையில் செருகினார்.

"சுவர் என்ன, சார்? செங்கல்லா, மண்ணா?"

"சுவர் இல்லம்மா."

"கூரை?"

"இல்ல."

'இல்லை', 'இல்லை' என்று எழுதினார். 'கட்டடத்தின் பயன்பாடு' என்ற வரியில் பேனா நின்றது. கடை, அலுவலகம், வழிபாட்டிடம், குடியிருப்பு என்று நாலு கட்டம் இருந்தது. ஆசிரியை கடிதக் கட்டைப் பார்த்தார். டைம்கீப்பரின் மனைவி அக்குளில் இடுக்கியிருந்த நோட்டைப் பார்த்தார். குடியிருப்பு என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"மொத்தம் எத்தனை பேர்?"

டைம்கீப்பர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நோட்டைப் பிரித்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளி, உதட்டுக்குள் எண்ணினாள்.

"நாப்பத்தோரு பேர்ம்மா. நேத்து ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கு. அதையும் சேத்தா நாப்பத்திரண்டு."

"சேத்துக்கலாம்மா" என்றார் ஆசிரியை. எழுதி முடித்து, ஒட்டுச்சீட்டின் பின்தாளை உரித்து, பெட்டியின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்து ஒட்டினார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்தொன்பதாம் எண்ணுக்குப் போய் அழைப்பு மணியை அடித்தார்.